அத்தியாயம் 6: வாக்கி டாக்கி – அமைக்கும் முறையும் பேசும் முறையும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மரங்கள் தோப்பு தோப்பாக விழுந்தன. மின்சாரம் போனது, டவர்களில் இருந்த பேட்டரி தீர்ந்ததும் செல்போனும் போனது. பல கிராமங்களில் அடுத்த ஊரின் நிலைமையைத் தெரிந்துகொள்ள, சாலையில் கிடந்த மரங்களைத் தாண்டி ஆள்தான் நடந்து போக வேண்டியிருந்தது.

காவிரி டெல்டாவுக்கு இது ஒருமுறை வந்துபோன ஆபத்து இல்லை. மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கும்போதெல்லாம் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் வெள்ளம் வருகிறது. நாதல்படுகை, முதலைமேடுதிட்டு போன்ற கொள்ளிடக் கரையோர ஊர்கள் தண்ணீர் சூழ்ந்து நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் கடலோரத்துக்குப் புயல் பயம். இப்படிப்பட்ட நேரத்தில் டவரும் சிம்மும் இல்லாமல், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நேராகப் பேச்சைக் கொண்டுசேர்ப்பது வாக்கி டாக்கிதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் ஊர் தயாராகிவிடாது. உரிமம் உள்ள ஆள், சரியாக அமைத்த செட், வாரம் ஒருமுறை பேசிப் பழகிய பழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் புயல் இரவில் அது பயன்படும். எந்த செட் என்று பார்த்துவிட்டு, இந்த அத்தியாயம் அந்த வரிசையிலேயே போகிறது.

1. எந்த செட் உங்களுக்கு?

நம் பகுதியில் மூன்று வகை செட்டுகளுக்கு வேலை இருக்கிறது. எதை வாங்குவது என்பதை, நீங்கள் யாரிடம் எவ்வளவு தூரம் பேச வேண்டும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

முதல் வகை, உரிமம் தேவைப்படாத சிறு செட். இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், குறைந்த சக்தியில் இயங்கும் செட்டுகளுக்கு 2018ஆம் ஆண்டு விதிகள் விலக்கு தந்திருக்கின்றன. ஊருக்குள் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டருக்கு இது போதும். கரைக்காவல், தேர்த்திருவிழாக் கூட்டம், முகாமுக்கும் சமையல் கூடத்துக்கும் இடையே பேச்சு என்றால் இதையே வாங்குங்கள். செட்டுக்கு உரிமம் வேண்டாம் என்றாலும், அந்த மாடலுக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வகை ஒப்புதல் இருக்க வேண்டும். வாங்கும்போது அந்தச் சான்று எண்ணைக் கேளுங்கள்.

இரண்டாம் வகை, ஹாம் செட். அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர்கள் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 434 முதல் 438 வரையிலும் பேசலாம். 5 வாட் சக்தி, வெளி ஆன்டெனா பொருத்தும் வசதி, ரிப்பீட்டர் மூலம் தூரத்தைக் கூட்டும் வழி எல்லாம் இதில் உண்டு. ஊர் விட்டு ஊர், வட்டம் விட்டு வட்டம் பேச இதுவே சரி.

மூன்றாம் வகை, கடல் செட். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், நாகப்பட்டினம், கோடியக்கரை மீனவர்களுக்கு உரியது. 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ள 16ஆம் சேனல் உலகம் முழுவதும் ஆபத்து அழைப்புக்கு ஒதுக்கப்பட்டது. படகு கடலில் இருக்கும் வரை செட் அந்தச் சேனலைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்த செட்டுக்குத் தனி உரிமம் உண்டு. மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். கடலோரக் காவல் படையின் அவசரத் தொலைபேசி எண் 1554. அதையும் செட்டின் பின்புறம் ஒட்டி வையுங்கள்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சில செட்டுகள் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எதில் வேண்டுமானாலும் ஒலிபரப்பும். வசதி என்று நினைக்காதீர்கள், அதில்தான் ஆபத்து இருக்கிறது. காவல்துறை, தீயணைப்பு, கப்பல் போக்குவரத்து எல்லாம் இந்த அகலத்துக்குள் வருகின்றன. தஞ்சாவூரில் விமானப்படைத் தளமும் இருக்கிறது. தெரியாமல் பட்டனை அழுத்தினாலும், எவர் உயிரையோ காப்பாற்றும் பேச்சுக்குக் குறுக்கே நிற்கிறீர்கள். விலக்கு பெறாத வானொலிக் கருவி வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்பது 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் முதல் வரும் விதி. ஊருக்கு உதவ நினைப்பவர் முதலில் சட்டப்படி நிற்க வேண்டும்.

2. ஹாம் உரிமம் வாங்குவது

12 வயது நிரம்பிய இந்தியக் குடிமக்கள் எவரும் இதற்கான தேர்வை எழுதலாம். நடத்துவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் தொடர்புத் திட்டப் பிரிவு. இரண்டு நிலைகள் உண்டு. தொடக்க நிலையான ‘ரெஸ்ட்ரிக்டெட்’ தேர்வில் வானொலி அடிப்படையும் விதிமுறைகளும் மட்டும் கேட்பார்கள். அடுத்த ‘ஜெனரல்’ நிலைக்கு மோர்ஸ் குறியீடும் தெரிந்திருக்க வேண்டும். கைசெட் பேச முதல் நிலையே போதும்.

பள்ளி இயற்பியலில் வரும் மின்னழுத்தம், மின்தடை, மின்தேக்கி, அலைநீளம் இவையே பாடத்தின் பெரும்பகுதி. பிளஸ் டூ மாணவர் ஊன்றிப் படித்தால் சில வாரங்களில் தயாராகிவிடலாம். தேர்ச்சிச் சான்று கிடைத்த பிறகு ‘சரல் சஞ்சார்’ இணையதளத்தில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். உரிமத்தோடு வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக் குறி வரும். ஜெனரல் நிலைக்கு வி.யு.2. உங்கள் முழுக் குறி உலகில் வேறு யாருக்கும் கிடையாது.

உரிமம் சில கட்டுப்பாடுகளையும் கூடவே கொண்டுவருகிறது. ஹாம் அலைவரிசையில் வியாபாரம் பேசக் கூடாது. நெல் மூட்டை விலையையோ லாரி வாடகையையோ அதில் பேச முடியாது. மறைமொழி கூடாது, பாட்டு ஒலிபரப்பக் கூடாது. பேச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும். பேசியதை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

இத்தனை ஒழுங்கும் எதற்கு என்பதற்கு 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சுனாமி கொண்டுபோனது. அதே காலையில் அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தன. தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத், வி.யு.4.ஆர்.பி.ஐ. என்ற குறியோடு உலக ஹாம்களுடன் பேசுவதற்காக அப்போது போர்ட் பிளேரில் இருந்தார். பொழுதுபோக்குப் பேச்சை அந்தக் கணமே நிறுத்திவிட்டு, தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கடத்தும் வேலையை அவரும் உடனிருந்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். காணாமல் போனவர்களைத் தேடிய குடும்பங்களுக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது அவர்கள் வழியாகத்தான். ஆபத்து வந்த நேரத்தில் உரிமமும் கருவியும் பழக்கமும் அவர்களிடம் தயாராக இருந்தன.

3. பெட்டியைப் பிரித்ததும்

வரிசை மாறாமல் இப்படிச் செய்யுங்கள்.

முதலில் ஆன்டெனாவைத் திருகிப் பொருத்துங்கள். ஆன்டெனா இல்லாமல் பேசும் பட்டனை அழுத்தினால், வெளியே போக வேண்டிய சக்தி உள்ளேயே திரும்பி ஒலிபரப்பும் பாகத்தைக் கெடுத்துவிடும். கையால் இறுகும் அளவு போதும், குறடு வேண்டாம்.

பிறகு பேட்டரியை மாட்டி, செட்டை அணைத்த நிலையிலேயே முழுவதும் சார்ஜ் செய்யுங்கள். சார்ஜர் தொட்டிலில் பச்சை விளக்கு எரிந்ததும் எடுத்துவிடுங்கள்.

மேலே உள்ள குமிழைத் திருப்பினால் செட் இயங்கும்; அதே குமிழ்தான் ஒலியளவுக்கும். பக்கவாட்டில் உள்ள பெரிய பட்டன் பி.டி.டி. அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒரே நேரத்தில் இரண்டும் முடியாது. செல்போனில் பழகியவர்கள் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அடுத்து மெனுவில் நான்கு அமைப்புகளைச் சரிபாருங்கள். ஸ்குவெல்ச் என்பது சிக்னல் இல்லாதபோது வரும் இரைச்சலை மூடி வைக்கும் கதவு. அதை 2 அல்லது 3இல் வையுங்கள். அதிகம் வைத்தால் தூரத்திலிருந்து மெலிதாக வரும் குரலையும் மூடிவிடும். குரல் கேட்டதும் தானே ஒலிபரப்பும் ‘வாக்ஸ்’ வசதியை அணைத்துவிடுங்கள். காற்றும் மழையும் அதைத் தூண்டிவிடும். பி.டி.டி. எங்காவது அழுந்திக் கிடந்தால் தானாக நிறுத்தும் நேரக் கட்டுப்பாட்டை 60 விநாடிக்கு வையுங்கள். கால்சட்டைப் பையில் அழுந்திய ஒரு செட், ஊர் முழுவதின் பேச்சையும் அடைத்துவிடும். கடைசியாக, சேனலில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் உங்கள் செட் ஒலிபரப்பாமல் தடுக்கும் ‘பிஸி லாக்’ வசதியை இயக்குங்கள்.

4. அலைவரிசையைப் பதிவு செய்தல்

உரிமம் தேவைப்படாத செட்டில் சேனல்கள் தயாரிப்பிலேயே அமைந்திருக்கும். எல்லோரும் ஒரே சேனல் எண்ணும், பிறர் குரலை வடிகட்டும் ஒரே டோன் எண்ணும் வைத்தால் போதும்.

ஹாம் செட்டில் நாமே பதிய வேண்டும். மாடலுக்கு மாடல் மெனுவின் பெயர் மாறும், வரிசை மாறாது. உதாரணமாக 145.500 மெகாஹெர்ட்ஸைப் பதிவோம்.

ஒன்று: செட்டை அலைவரிசை நிலைக்குக் கொண்டுவாருங்கள். திரையில் சேனல் எண் மறைந்து அலைவரிசை மட்டும் தெரியும்.
இரண்டு: 1-4-5-5-0-0 என்று எண்களை அழுத்துங்கள்.
மூன்று: அகலத்தையும் சக்தியையும் தேர்ந்தெடுங்கள். குழுவில் ஒருவர் அகல நிலையிலும் இன்னொருவர் குறுகிய நிலையிலும் இருந்தால், ஒருவர் குரல் கம்மியாகவும் மற்றவர் குரல் கரகரப்பாகவும் கேட்கும். எல்லோரும் ஒன்றாக வையுங்கள்.
நான்கு: டோனை அணைத்து வையுங்கள். ஒரே அலைவரிசையில் நேராகப் பேச அது தேவையில்லை.
ஐந்து: நினைவகச் சேனலில் சேமியுங்கள். 1ஆம் சேனல் எல்லோர் செட்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இருட்டில், பதற்றத்தில் கை தானாகப் போகும் இடம் அது.

டோனைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. டோன் வைத்தால் மற்றவர் நம் பேச்சைக் கேட்க முடியாது என்று நினைக்கிறார்கள். உண்மையில், டோன் மற்றவர் குரல் உங்கள் காதில் விழாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். உங்கள் பேச்சை யாரும் கேட்கலாம். வானொலியில் ரகசியம் கிடையாது. நோயாளியின் பெயர், வீட்டுப் பணம், நகை இவற்றைப் பேசாதீர்கள்.

இனி ரிப்பீட்டர். உயரமான இடத்தில் நின்று, ஒரு அலைவரிசையில் கேட்டதை இன்னொன்றில் உரத்துத் திருப்பிச் சொல்லும் நிலையம் அது. 144–146 பகுதியில் பேசும் அலைவரிசைக்கும் கேட்கும் அலைவரிசைக்கும் வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம். செட்டில் ரிப்பீட்டரின் வெளியீட்டு அலைவரிசையைப் பதிந்து, திசையைக் கழித்தல் என்றும், வித்தியாசத்தை 0.600 என்றும் வைத்து, அந்த ரிப்பீட்டருக்குரிய டோனைச் சேர்க்க வேண்டும். உங்கள் இடத்துக்கு எட்டும் ரிப்பீட்டர் எது, அதன் டோன் என்ன என்பதை வட்டாரத்து ஹாம்களிடம் கேட்டுப் பதியுங்கள். ஆனால் புயலில் ரிப்பீட்டரும் விழலாம். அதை மட்டும் நம்பியிருக்காமல் நேரடிச் சேனலில் எட்டும் தூரத்தைத் தெரிந்து வையுங்கள்.

5. எவ்வளவு தூரம் எட்டும்?

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் தூரத்தை மறந்துவிடுங்கள். இந்த அலைகள் ஏறக்குறைய கண்பார்வை போகும் வழியில்தான் போகும். எனவே தூரத்தை முடிவு செய்வது வாட்டைவிட உயரமே.

கணக்கு எளிது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்குங்கள். அந்த உயரத்துக்கு அலை அடிவானத்தைத் தொடும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரு பக்கத்துக்கும் கண்டு கூட்டுங்கள்.

தரையில் நிற்பவரின் செட் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும், 5 கிலோமீட்டர். இருவரும் தரையில் நின்றால் 10. மூன்று மீட்டர் உயர வாய்க்கால் கரைமேல் ஏறினால் ஒருவருக்கு 8.7. மாடி வீட்டு மொட்டைமாடியில் 9 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் 12.3; மாடிக்கு மாடி சுமார் 25 கிலோமீட்டர். ஒப்பீட்டுக்குப் பாருங்கள், 216 அடி உயரமான தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் உயரத்துக்கு இந்தக் கணக்கு 33 கிலோமீட்டர் தரும்.

இது திறந்த வெளியின் கணக்கு. இங்கேதான் டெல்டாவின் நிலம் நமக்குச் சாதகமும் பாதகமும். மலை, குன்று எதுவும் மறைப்பதில்லை; அறுவடை முடிந்த வயல்வெளியில் அலை தடையின்றி ஓடும். ஆனால் ஊரைச் சுற்றித் தென்னந்தோப்பும் மூங்கில் கொத்தும் நிற்கின்றன. நனைந்த மட்டைகள் அலையை உறிஞ்சும். 145ஐவிட 446 மெகாஹெர்ட்ஸ் அதிகம் பாதிக்கப்படும். தோப்புக்குள் 446 செட் அரை கிலோமீட்டரில் அடங்கிப்போவதும் உண்டு. தகரக் கூரையும் கான்கிரீட்டும் இன்னும் மோசம். மலை இல்லாததால் ரிப்பீட்டர் வைக்க இயற்கையான உயரமும் நமக்கில்லை. ஆகவே ஒவ்வொரு ஊரும் தன் உயரத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை:

வீட்டுக்குள் நின்று பேசாதீர்கள். சன்னலுக்கு வாருங்கள், முடிந்தால் வாசலுக்கு, இன்னும் முடிந்தால் கரைக்கு. சரியாகக் கேட்கவில்லை என்றால் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள்; எதிரொலித்த அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் நீங்கள் நின்றிருக்கலாம்.

ஆன்டெனாவை நேராக, செங்குத்தாகப் பிடியுங்கள். இடுப்பில் செருகியபடி பேசினால் உடம்பே பாதியை விழுங்கிவிடும்.

ஹாம் செட்டின் குட்டை ஆன்டெனாவுக்கு ஒரு வால் கட்டலாம். 49 சென்டிமீட்டர் நீள மெல்லிய கம்பியின் ஒரு முனையை, ஆன்டெனா பொருந்தும் இடத்தின் வெளிவளையத்தைத் தொடும்படி சுற்றிவிட்டு, மறுமுனையைக் கீழே தொங்கவிடுங்கள். 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஏறக்குறைய கால் நீளம் அது. கைசெட்டுக்கு நிலத்தொடர்பு இல்லாத குறையை இந்தக் கம்பி ஓரளவு தீர்க்கிறது. நடுக் கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடி ஆன்டெனாவுக்குச் செலவு செய்தால் கேபிளுக்கும் செலவு செய்யுங்கள். மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிள் பத்து மீட்டருக்கே 145 மெகாஹெர்ட்ஸில் சக்தியின் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். கேபிளைக் குட்டையாக வையுங்கள். இணைப்பைத் தண்ணீர் புகாத டேப்பால் சுற்றுங்கள்; உப்புக்காற்று படும் கடலோர ஊர்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துத் துடையுங்கள். இடி மின்னல் தொடங்கிவிட்டால் வெளி ஆன்டெனாவைச் செட்டிலிருந்து கழற்றிவிட வேண்டும். அந்த நேரத்தில் மாடியில் நிற்கவும் கூடாது. மேல்நிலை நீர்த்தொட்டி, கோபுரம், மின்கம்பம் இவற்றில் ஏறவே கூடாது.

6. பேசும் முறை

வானொலிப் பேச்சில் நான்கு பழக்கங்கள் போதும்: கேள், அழுத்து, நில், பேசு. சேனலில் யாரும் இல்லை என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பட்டனை அழுத்துங்கள். ஒரு விநாடி நில்லுங்கள். பிறகு வாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் பிடித்து, வழக்கமான குரலில் பேசுங்கள். கத்தினால் குரல் சிதையும்.

அழுத்தியவுடனே பேசினால் முதல் சொல் வெட்டுப்படும். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது பெரிய சிக்கல். திருவாரூர், திருவையாறு, திருவிடைமருதூர் எல்லாம் ஒரே மாதிரி தொடங்குகின்றன. இரைச்சலில் ஒன்று இன்னொன்றாகக் கேட்கும். புதூர், மேலத்தெரு, கீழத்தெரு எல்லா வட்டத்திலும் உண்டு. ஊர்ப் பெயரை இருமுறை சொல்லி, வட்டத்தின் பெயரையும் சேருங்கள்.

எண்களில் இன்னும் கவனம் வேண்டும். இருபது, அறுபது, எழுபது, எண்பது நான்கும் ஒரே ஓசையில் முடிகின்றன. அறுபது பேருக்குச் சோறு கேட்டு, மறுமுனையில் இருபது என்று எழுதிக்கொண்டால் நாற்பது பேர் பட்டினி. ஆகவே இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்: “அறுபது பேர். மறுபடி, ஆறு, சுழி.” கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாத செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில்லை.

ஆங்கில எழுத்துகளைச் சொல்ல வேண்டி வந்தால் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று தொடங்கும் சர்வதேச வரிசையைப் பயன்படுத்துங்கள். அழைப்புக் குறிகளுக்கு அது கட்டாயம் தேவைப்படும். ஹாம்களிடம் கியூ குறிகளும் புழக்கத்தில் உண்டு: கியூ.எஸ்.எல். என்றால் கிடைத்தது, கியூ.டி.எச். என்றால் இருக்கும் இடம், கியூ.ஆர்.எம். என்றால் குறுக்கீடு. ஊர்த் தொண்டர்களிடம் பேசும்போது இவை வேண்டாம். எளிய தமிழே எல்லோருக்கும் புரியும்.

கரைக்காவலுக்கு ஒரு மாதிரிப் பேச்சு. செட்டுகளுக்கு ஆள் பெயரை வைக்காமல் இடத்தின் பெயரை வைத்திருக்கிறோம். ஆள் மாறினாலும் பெயர் மாறாது.

“பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம், இது வடகரை. ஓவர்.”

“வடகரை, இது பள்ளிக்கூடம். சொல்லு தம்பி. ஓவர்.”

“அண்ணே, அரசமரத்துக்குக் கிழக்கே கரையில கசிவு இருக்கு. நீளம் அஞ்சு மீட்டர். உடைப்பு இல்ல. மணல் மூட்டை நூறு வேணும். ஒண்ணு, சுழி, சுழி. ஆள் பத்துப் பேரு வேணும். ஒண்ணு, சுழி. நேரம் ராத்திரி பதினொண்ணே கால். ஓவர்.”

“எழுதிக்கிட்டேன். அரசமரத்துக்குக் கிழக்கே கசிவு, அஞ்சு மீட்டர், உடைப்பு இல்ல. மூட்டை ஒண்ணு, சுழி, சுழி. ஆளு ஒண்ணு, சுழி. நேரம் பதினொண்ணே கால். சரியா? ஓவர்.”

“சரிண்ணே. கரையிலயே நிக்கிறோம். ஓவர்.”

“அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிடு. பள்ளிக்கூடம் அவுட்.”

இந்தப் பேச்சில் எல்லாம் இருக்கிறது: எங்கே, என்ன, எவ்வளவு, என்ன வேண்டும், எப்போது. “உடைப்பு இல்ல” என்ற இரண்டு சொற்கள் மிக முக்கியம். அது இல்லாவிட்டால், கசிவு என்று கேட்டவர் பயத்தில் உடைப்பு என்று ஊருக்குச் சொல்லிவிடுவார். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். கேள்விப்பட்டதைச் சொல்ல நேர்ந்தால், கேள்விப்பட்டது என்றே சொல்லுங்கள்.

‘ஓவர்’ என்றால் நான் முடித்துவிட்டேன், நீங்கள் பேசலாம். ‘அவுட்’ என்றால் பேச்சு முடிந்தது. ஒருவர் பேசும் நடுவே உயிர் ஆபத்துச் செய்தி சொல்ல வேண்டுமானால், அவர் பட்டனை விட்ட இடைவெளியில் “அவசரம், அவசரம்” என்று சொல்லுங்கள். அதைக் கேட்ட எல்லோரும் உடனே நிறுத்த வேண்டும். கடலில் என்றால் 16ஆம் சேனலில் “மேடே” என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், ஆபத்து, ஆள் எண்ணிக்கை என்ற வரிசையில் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்தில் செட்டோடு உட்காரும் ஆள்தான் கட்டுப்பாடு. யார் முதலில் பேசுவது என்பதை அவர் சொல்வார். அவர் அருகில் நோட்டு, பேனா, கடிகாரம், வேலை செய்யும் தொலைபேசி ஒன்று, அதில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 எண்கள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் தகவல் அவர் வழியாகவே போகட்டும். பல வாய் வழியாகப் போகும் செய்தி திரிந்துவிடும்.

7. பேட்டரியைக் காப்பாற்றுதல்

5 வாட்டில் ஒலிபரப்பும்போது கைசெட் சுமார் ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். 1,800 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் தொடர்ந்து பேசினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் ஒரு நாள் முழுவதும் தாங்கும். ஆக, பேச்சைச் சுருக்குவதே பேட்டரியைச் சேமிக்கும் வழி. குறைந்த சக்தியில் முதலில் கூப்பிட்டுப் பாருங்கள். எட்டாவிட்டால் மட்டும் கூட்டுங்கள்.

நிலைமை நீடித்தால் நேரம் வகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணியின் முதல் பத்து நிமிடம் எல்லோரும் செட்டைத் திறந்து வைப்பது, மற்ற நேரம் கட்டுப்பாட்டு செட் மட்டும் திறந்திருப்பது. மூன்று நாள் மின்சாரம் இல்லாவிட்டாலும் இப்படிச் சமாளிக்கலாம்.

சார்ஜ் செய்ய நம் ஊரிலேயே வழி இருக்கிறது. டிராக்டரில் 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயருக்குள்ளும் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிதான். செட்டுக்குரிய கார் சார்ஜரை முன்கூட்டியே வாங்கி, இவற்றில் பொருத்தும் வயரையும் தயாராக வையுங்கள். கைசெட்டின் பேட்டரி பொதுவாக 7.4 வோல்ட், 12 வோல்ட்டை அதில் நேரடியாக இணைத்தால் வெடிக்கக்கூடும். சார்ஜர் வழியாக மட்டுமே சார்ஜ் செய்ய வேண்டும்.

பயன்படுத்தாத மாதங்களில் பேட்டரியைப் பாதி சார்ஜில், செட்டிலிருந்து கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். புரட்டாசி பிறந்ததும் எல்லாவற்றையும் முழுதாக சார்ஜ் செய்யுங்கள். மழையில் எடுத்துப்போக, நீர்புகா வகை இல்லை என்றால், மெல்லிய பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள், பைக்குள்ளிருந்தே பேசலாம்.

8. வாராந்திரப் பயிற்சி

வாரத்தில் ஒருநாள், ஒரே நேரத்தில், பதினைந்து நிமிடம் போதும். கட்டுப்பாடு ஒவ்வொரு செட்டையும் பெயர் சொல்லி அழைக்கும். அழைக்கப்பட்டவர் பேட்டரி நிலையையும் நிற்கும் இடத்தையும் சொல்லி, ஒரு பயிற்சிச் செய்தியை இலக்கம் பிரித்துப் படிப்பார். கட்டுப்பாடு திருப்பிச் சொல்லும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் “இது பயிற்சி” என்று சொல்ல மறக்காதீர்கள்.

முதல் மாதத்தில் ஊர் வரைபடம் ஒன்றைத் தயாரியுங்கள். மதகு, கரைத் திருப்பம், சுடுகாட்டுப் பாலம், கோவில் வாசல், பால் சொசைட்டி என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று கூப்பிட்டு, நன்றாகக் கேட்டால் பச்சை, கரகரத்தால் மஞ்சள், கேட்கவே இல்லை என்றால் சிவப்பு என்று குறியுங்கள். சிவப்பு இடத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் நடுவில் செய்தி வாங்கிக் கடத்த ஒருவரை எங்கே நிறுத்துவது என்பதையும் எழுதுங்கள். இந்த வரைபடத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. மழைக்காலத்தில் ஒருமுறை மறுபடியும் சோதியுங்கள். இலை நனைந்தால் பச்சை மஞ்சளாகும்.

பெண்களையும் பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகளையும் பயிற்சியில் சேருங்கள். வெள்ள நேரத்தில் ஆண்கள் கரையில் இருப்பார்கள். முகாமில் செட்டைக் கையாள்வது பெரும்பாலும் இவர்களாகத்தான் இருக்கும். ஆர்வமுள்ள பிள்ளைகளை ஹாம் தேர்வுக்கு அனுப்புங்கள். உரிமம் வந்ததும், சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் போகும் நேரம் பார்த்து 145.800 மெகாஹெர்ட்ஸில் கேட்கச் சொல்லுங்கள். அங்கிருந்து பேசும் நாட்களில் குரல் கைசெட்டிலேயே கேட்கும். அதைக் கேட்ட பிள்ளை இந்தக் கலையை விடாது.

தென்மேற்குப் பருவத்தில் மேட்டூர் நிரம்புவதற்கு முன்பும், வடகிழக்குப் பருவம் தொடங்கும் ஐப்பசிக்கு முன்பும் ஒரு முழு ஒத்திகை நடத்துங்கள். ஊருக்கு நான்கு செட், ஒரு ஹாம் உரிமம், ஒரு வரைபடம், வாரம் பதினைந்து நிமிடம்: இவ்வளவுதான் கேட்கிறோம். இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் உங்கள் ஊரில் யாரைத் தேர்வு எழுதச் சொல்வது என்று ஒரு பெயரை எழுதுங்கள். அடுத்த புயலுக்குள் அவர் கையில் உரிமம் இருக்க வேண்டும்.